புள்ளிக்குக் கட்டம் கிடையாது

ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நெருஞ்சிப்பாளையத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கட்டம் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவர்களுக்கும் தெரியாது. பூசாரி ஒன்று சொன்னார், பஞ்சாயத்துத் தலைவர் வேறொன்று சொன்னார், ஜீப்பில் வந்த ஆபீசர்கள் டேப் பிடித்து அளந்தார்கள், தள்ளித் தள்ளி நின்று டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் எல்லைக்குள் கால் வைத்தால் கட்டம் வரும், தாண்டினால் போய்விடும், அவர்களுக்கு அது ஒரு தும்மல் மாதிரி. எங்கள் ஊர்க்காரர்கள் ஈரோட்டுக்கே போனாலும் கட்டமும் டிக்கெட் வாங்காமல் கூடவே பஸ் ஏறியது.

முதலில் தெரிந்தது குழாயடியில். தண்ணீர் விட்டதும் இடித்துத் தள்ளி, சடையைப் பிடித்து இழுத்து, குடத்தால் இடுப்பில் குத்திச் சண்டை போடுகிற இடம் அது. அன்றைக்கு வந்த பொம்பளைகள் எல்லோரும் ஒருத்தியிடமிருந்து ஒருத்தி ஒரு முழுக் கை நீளம் தள்ளி நின்றார்கள். நடுவில் சுவர் ஒன்றும் இல்லை, எதிலும் முட்டவில்லை, வலிக்கவும் இல்லை. கால் தன்பாட்டுக்கு நின்றது, அதற்குமேல் எடுத்துவைக்க அடியே மிச்சமில்லாத மாதிரி. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, யார் முதலில் பிடிப்பது என்று சண்டை போட யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் திகைத்து நின்றபோது நான் திகைக்கவில்லை, ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம்வரை நான் அதையேதான் தாளில் அடித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் தெய்வானை, வயது பதினேழு, பிளஸ் ஒன் பாதியில் நின்றவள். படிப்பு ஏறாமல் இல்லை, பிடிக்கவில்லை, வந்துவிட்டேன், அதில் கதை எதுவும் கிடையாது. என் அம்மா மயிலாத்தாள் திட்டக்கூட இல்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டு, நூலைத் தாராகச் சுற்றத் தறிப்பட்டறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்றால் சோறு, தண்ணி, கெரசின், கதவு, இவ்வளவுதான்.

இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் மெஷின் நாலு இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். முதல் மெஷினின் எழுத்து உருண்டையாக, வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் மாதிரி இருக்கும். இரண்டாவது நெட்டை. மூன்றாவதில் ட மட்டும் வரியை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறி, மதில்மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். நாலாவதில் பொடி எழுத்து. முகம் எப்படி இருந்தாலும் ஒரு விஷயத்தில் நாலும் ஒன்று: எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். கீயைத் தட்டினால் தாளைச் சுமந்துகொண்டிருக்கிற வண்டி ஒரு பல் நகரும், தட்டினது எந்த எழுத்து என்று அது பார்க்காது. மூன்று சுழி ண-வுக்கும் ஒரு பல், ஒற்றைக்கால் ர-வுக்கும் ஒரு பல். அதனால் ண மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும், ர பெரிய வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போன ஆள் மாதிரி இரண்டு பக்கமும் காற்றோடு நிற்கும். அச்சுப் புத்தகத்தில் எழுத்துகள் இடித்துக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு வரும். மெஷின் எழுத்துகள் ஒன்றையொன்று தொடவே தொடாது, ஒரு பக்கம் முழுக்க அடித்தாலும் சரி, ஒரு வருஷம் முழுக்க அடித்தாலும் சரி.

எங்கள் ஊர் அப்படி ஆனது. தறிப்பட்டறை முதலாளி அத்தப்பன், ஊரிலேயே பெருத்த உடம்பு, ண மாதிரி எக்கிக்கொண்டு நடந்தார். முருங்கைக்காய் விற்கிற ஒல்லி ராக்கியண்ணன் தன்னைச் சுற்றி இவ்வளவு இடத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கையை நீட்டி நீட்டி மடக்கினார். முதல் வாரம் பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். யார் யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அவர்கள் காலங்காலமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது கட்டமே பார்த்துக்கொள்கிறது என்று நினைத்தார்கள். அடுத்த வாரம் அத்தப்பன் தன் சம்சாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை வாங்கப் போனபோது, தனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற தூரமும், தனக்கும் தன் தொழுவத்தில் சாணி அள்ளுகிற ஆளுக்கும் நடுவில் இருக்கிற தூரமும் ஒரே தூரம், நூலிழைகூட வித்தியாசம் இல்லை என்று கண்டுபிடித்தார். அன்றைக்கு அவர் வெற்றிலையே போடவில்லை என்று அந்த வீட்டு வேலைக்காரி சொன்னாள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்த இடத்தில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்; கடைக்காரர் கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டுப் பின்னால் போனார், குடிக்கிறவர் முன்னால் வந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனார், எந்தக் கிளாஸ் யாருக்கு என்று பிரித்து வைத்திருந்ததெல்லாம் அந்தப் போக்குவரத்தில் கலந்துபோனது; மினிபஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கல்லில் சுற்றி எறிந்தார்; பூசாரி விபூதியை உள்ளங்கையில் வைத்து ஊதினார்; முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை மூங்கிலில் கட்டி முயற்சி செய்து இரண்டு காதுகளில் ரத்தம் வந்ததும் கடையை மூடினார், ஊரே முடி வளர்த்தது; அடிதடி நின்று கல்லெறி வந்தது, கல் பொறுக்கிக் குனிந்து முதுகு வலித்ததும் அதுவும் நின்றது; குடிகாரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய முடியாமல் தனித்தனியாக விழுந்தார்கள்; புருஷன் பொண்டாட்டிகள் ஆளுக்கொரு சுவரோரம் பாயைப் போட்டார்கள், மறுவருஷம் ஊரில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை, இதை எழுதினால் என்ன. ஏற்கெனவே பிறந்த குழந்தைகள் தாயின் கட்டத்துக்குள்ளேயே இருந்தன, முதல் பல் முளைக்கும்வரை. பல் முளைத்த அன்றைக்கு அவையும் தனி எழுத்தாகிவிட்டன. அதனால் எங்கள் ஊர்த் தாய்மார்கள் ஈறைத் தடவிப் பார்க்கப் பயந்தார்கள்.

எனக்குக் கட்டம் வராதது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் அம்மாவைத் தவிர அதற்கு முன்பும் என் பக்கத்தில் யாரும் வந்ததில்லை, அம்மா தலையைத் தொட முடிந்ததைப் பழக்கத்தில் நான் கவனிக்கவே இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவள் எனக்கு முன்னால் நின்றவளிடமிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்றாள், அதாவது நான் நின்ற இடத்திலேயே வந்து நின்றாள். அவள் தோளில் என் தோள் பட்டது. பாம்பு விழுந்த மாதிரி கத்தினாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

விஷயம் எனக்கு முன்னாலேயே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே படித்த பெண்கள் உடனே எனக்குப் புள்ளி என்று பெயர் வைத்தார்கள். மெஷினில் எல்லாக் கீயும் வண்டியை ஒரு பல் நகர்த்தும், புள்ளி கீ நகர்த்தாது. அதைத் தட்டினால் வெறும் தாளில், கீழே ஒன்றும் இல்லாமல், உயரத்தில் ஒரு புள்ளி விழும். வண்டி அப்படியே நிற்கும். அடுத்ததாக எழுத்தைத் தட்டினால் எழுத்து புள்ளிக்கு அடியில் வந்து உட்காரும், அப்போதுதான் வண்டி நகரும். புள்ளிக்கென்று தனி இடம் கிடையாது.

"ஓரமா நில்லுடி புள்ளி," என்றாள் ஒருத்தி. "அவ எங்க நின்னா என்ன, இடமா அடைக்கப்போறா," என்றாள் இன்னொருத்தி. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

ரிடையரான தபால்காரர் நாச்சிமுத்து அந்தப் புரட்டாசியில் செத்துப்போனார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் நின்று அழுதுகொண்டிருந்தபோது அவர் சம்சாரம் தடுமாறி ஓர் அடி முன்னால் வைத்தார், கால் போனது, இன்னோர் அடி, அதுவும் போனது, அப்படியே அவர் நெஞ்சில் முகத்தை வைத்துப் படுத்துவிட்டார். செத்தால் கட்டம் போய்விடும் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், நெற்றியைத் தடவினார்கள், காலைக் கட்டிக்கொண்டார்கள். அவரோடு ஒருநாளும் பேசாதவர்கள் வந்தார்கள், அவரைக் கோர்ட்டுக்கு இழுத்த பங்காளி வந்து அவர் விரல்களுக்குள் தன் விரலைக் கோத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். அவர் போனதற்கு அழுதவர்கள் பாதி, தொடக் கிடைத்ததற்கு அழுதவர்கள் பாதி. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பிணத்தைச் சீக்கிரம் எடுக்க யாரும் விட்டதில்லை.

மறுநாள் குழாயடியில் யாரோ என் அம்மாவிடம், "மயிலாத்தா, உன்ற புள்ளைக்கும் பொணத்துக்குந்தான் ஊருல கட்டமில்ல," என்று சொன்னார்கள். யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார்கள், வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அம்மா என் தட்டில் சோற்றைப் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். நான் கிட்டே போனால் எழுந்து வேறு பக்கம் போனாள். ஊரில் எல்லோரும் கட்டம் இருந்ததால் தள்ளி நின்றார்கள். என் அம்மா எனக்குக் கட்டம் இல்லாததால் தள்ளி நின்றாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா பட்டறையில் தார் சுற்றுகிறவள் என்று சொன்னேன் அல்லவா, அங்கே நாள் முழுக்கப் பஞ்சு பறக்கும், சாயங்காலம் வரும்போது அவள் தலை கிழவி தலை மாதிரி வெளுத்திருக்கும். வந்ததும் வாசலில் கிடக்கிற கயிற்றுக் கட்டிலில் உட்காருவாள், நான் பின்னால் நின்று அந்தப் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எடுப்பேன். சின்னதிலிருந்து அப்படித்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று பேச்சு அற்றுப்போன பிறகும் அது மட்டும் நிற்கவில்லை, அவள் வந்து உட்காருவாள், நான் எடுப்பேன், இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது அவள் பஞ்சோடு படுத்துப் பஞ்சோடு எழுந்தாள். அதை எடுக்க வேண்டும், அவள் எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் ஊர் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. தை மாசத்தில் என்னோடு டைப் படித்த கோகிலாவின் கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கை நீளம் தள்ளி நின்றார், நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, கம்பில் கட்டி மாட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்லி வசவு வாங்கினார். "அந்தப் புள்ளியக் கூப்புடுங்கப்பா," என்று அத்தப்பன் சொன்னார். மாப்பிள்ளை கையிலிருந்து நான் தாலியை வாங்கிக் கோகிலாவின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை விரல் பின்கழுத்தில் பட்டது, ஒரே வியர்வை, கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது என்று பிறகு தோழிகளிடம் சொன்னாளாம். என் கையில் வியர்வையே இல்லை. நான் நடுங்கவும் இல்லை.

அப்புறம் என்னை விடவில்லை. எங்கள் தெருப் பரிமளத்தின் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, அது ஒரு பாயில் அழுதது, அவள் ஒரு பாயில் அழுதாள். அவள் அனுப்பி நான் போய்த் தட்டிக்கொடுத்தேன், குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி அவளையே பார்த்துக்கொண்டு தூங்கியது. அத்தப்பன் தன் கையால் மடித்த வெற்றிலையைக் கொடுத்தனுப்பினார், நான் ஊட்டினேன், அவர் சம்சாரம் மென்றுகொண்டே வெட்கப்பட்டார், அந்த வயதில். ராக்கியண்ணன் தன் தம்பிக்கு ஓர் அறை கொடுத்தனுப்பினார். அதை மட்டும் நான் குறையில்லாமல், கொஞ்சம் கூடப் போட்டே கொண்டுபோய்ச் சேர்த்தேன். தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அண்ணன் கை அப்படியேதான் இருக்குது," என்று சொல்லி விசும்பினார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். எல்லோரும் ஒரு பெயரைச் சொன்னார்கள். தெய்வானை என்று ஒருத்தரும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள், பன் கொடுத்தார்கள், பெரிய வீடுகளில் நடு வீடுவரை கூட்டிக்கொண்டு போனார்கள், வேலை முடிந்ததும் நான் இன்னும் அங்கே நிற்கிறேனா போய்விட்டேனா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் அம்மாவுக்கு யாரும் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. கொடுத்தனுப்ப வேண்டியவர் என் அப்பா. அவர் போர் போடுகிற ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஊரில் கட்டம் வந்ததே அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அனுப்பியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அப்பா அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு போனால் அம்மா ஒருவேளை உட்கார்ந்திருப்பாள். பொய் சொல்ல எனக்குப் பயம் கிடையாது. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்பா பெயரைச் சொல்லிவிட்டால் என் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஒரு மத்தியானம் இன்ஸ்டிட்யூட்டில் எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா டீச்சர் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும், வெளியூர், கீழ்த்தெருவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார், கட்டம் வந்த நாளில் இங்கே குடியிருந்ததால் அவருக்கும் அது நிரந்தரமாகிவிட்டது. எனக்கு அவரைப் பிடிக்காது, எதற்கெடுத்தாலும் முதுகை நேராக வை என்பார். மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே, "தெய்வானை, எனக்கு யாரும் எதுவும் அனுப்ப மாட்டாங்க," என்றார். "யாரும் அனுப்பாம, சும்மா, நீயா ஒருக்கா என் கைமேல கை வையேன்."

வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை மெலிசாக, சூடாக, விரல்நுனியில் ரிப்பன் மையோடு இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "வச்சுட்டியா?" என்று கேட்டார்.

"வச்சுட்டேன் டீச்சர்."

"ஓ," என்றார். பிறகு போட்ட உறையைத் திரும்பக் கழற்றி, ஊசியால் எழுத்துகளுக்குள் அடைத்திருந்த மையைக் குத்திக் குத்தி எடுக்க ஆரம்பித்தார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அம்மா எழுந்து போனால்கூடப் பரவாயில்லை. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்து, வச்சுட்டியா என்று கேட்டுவிட்டால்?

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யார் கூப்பிட்டாலும் நான் போகவில்லை. கைவலி என்று சொன்னேன். ஊருக்கே கை வலித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

ரேஷன் கடையில் எடை போடுகிற வையாபுரி அண்ணன் ஏதோ பரீட்சைக்காக நாற்பது வயதில் டைப் படிக்க வந்திருந்தார். மூன்றாம் மெஷினில் என் பக்கத்தில் உட்காருவார். ஒருநாள் தாளை உருவி என் பக்கம் நீட்டி, மெஷின் ரிப்பேர் போல இருக்கிறது என்றார். பார்த்தேன். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. புள்ளி எல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் விழுந்திருந்தது, பக்கம் முழுக்க, தப்பு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான், நானும் செய்திருக்கிறேன். கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி அப்புறம், அந்தப் பழக்கத்தில் அடித்துவிடுவோம்.

"அண்ணா, எழுத்து வந்து உக்காந்ததுக்கு அப்புறம் புள்ளி போனா அதுக்கு அங்க வேலையே இல்ல, வண்டி நகந்துருக்கும்," என்றேன். "வெறும் இடத்துல புள்ளி முன்னாடியே போய் நிக்கோணும். எழுத்து அதுங்கிட்ட வரோணும்."

"கீழ ஒண்ணுமில்லாம அது என்னத்துக்கு அங்க போய் நிக்குது?"

"எழுத்து வருங்கற நம்பிக்கைலதான்," என்று சலிப்போடு சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் டீச்சரிடம் போனபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எல்லோரிடமும் அப்படித்தான் போனேன், அவரவர் அவரவர் இடத்தில் இருக்கும்போது. கோகிலாவின் கழுத்துக்கு என் கை போவதற்கு எவ்வளவோ முன்னால் மாப்பிள்ளையின் நினைப்பு அங்கே போய்க் காத்திருந்தது. ரேஷன் வரிசையில் மட்டும் நான் முன்னாலேயே நின்றிருந்தேன், அங்கே பின்னால் வந்தவளுக்கு என் தோள் பட்டது. வேறெங்கேயும் நான் காத்திருந்ததில்லை. எனக்குக் காத்திருக்கவே வராது. என் மெஷினுக்கு உறைகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.

எங்கள் கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஒரு குழி உண்டு, அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தது. அந்தக் குழியில் போய் உட்கார்ந்தேன். வெயில் இருந்தது. ஊர் முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது, பரிமளம் அந்தப் பக்கம் போகும்போது கைவலி எப்படி இருக்கு என்று கேட்டாள், இருக்குது என்றேன். எழுந்து போய்விடலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியது. சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் கேவலமான வேலை உலகத்தில் கிடையாது. கால் மரத்துப்போனது. அப்போது கரண்ட் போனது, ஊரில் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றது, காதுக்குள் வெறும் இடம் வந்தது. கரண்ட் போனால் அம்மா பட்டறையில் சும்மா இருக்க மாட்டாள், வீட்டுக்கு வந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

வந்தாள். தெருமுனையில் அந்த வெள்ளைத் தலை தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றாள்.

"எந்திரி," என்றாள்.

"மாட்டேன்."

"கால் வலிக்குது. உக்காரோணும்."

"உக்காரு. நானென்ன இடமா அடைக்கறேன்."

ஆட்டுக்கல்லைப் பார்த்தாள், அதன்மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசற்படியைப் பார்த்தாள், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி மெதுவாக உட்கார்ந்தாள். என் மடியிலா, என் பக்கத்திலா, எனக்கு அடியிலா என்றெல்லாம் என்னால் சொல்ல முடியாது. அந்தக் குழியில் நான் இருந்தேன், அவளும் இருந்தாள், குழி ஒன்றுதான். கட்டில் ஒரு பல் நகர்ந்த மாதிரி டக்கென்றது.

என் முகத்துக்கு நேரே அவள் தலை. நூலுக்குப் போடுகிற கஞ்சி வாசமும் எண்ணெய் வாசமும். முன்பைவிட நரை கூடியிருந்தது, பஞ்சு எது நரை எது என்று பிரிப்பது கஷ்டமாக இருந்தது. காதோரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து எடுத்தேன். அவள் தோள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள் என்று பின்னாலிருந்தே தெரிந்தது.

"உங்கப்பனா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல," என்றேன்.

"அப்புறம் ஆரு அனுப்பிச்சா?"

"ஆரும் அனுப்பல."

அவள் எழுந்து போவாள், எழுந்து போவாள் என்று நினைத்துக்கொண்டே நான் இன்னொன்றை எடுத்தேன், அது சடைக்குள் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது, இழுத்ததில் வலித்திருக்கும், தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள். தெருவில் பட்டறை ஆட்கள் ஆளுக்கொரு கட்டத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். எடுத்த பஞ்சை ஊதி ஊதி விட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "உன்ற கை சில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

நான் பஞ்சையே எடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது. கீழ்த்தெருவில் ஒரு தறி ஆரம்பித்தது, அப்புறம் ஒன்று, அப்புறம் ஊர் முழுக்க. அவள் எழுந்தாள், சேலையை உதறினாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்தாள். நான் அதே குழியில் இருந்தேன். தெருவுக்குப் போன பிறகு நின்று, திரும்பாமல், இடது பக்கத் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எடுக்கவே இல்ல நீ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டம் போகவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் இருக்கிறது, எனக்கு இன்றைக்கும் இல்லை. மணி நாலாகிவிட்டது, பட்டறை விட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, அவள் வருவதற்கு முன்னால் நான் போய் உட்கார வேண்டும்.